தாய்மைக் காலப் பதகளிப்பும் தளர்வுப் பயிற்சிகளும்

எமது தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, வழமைபோல் இலக்கணம் பற்றியோ பழந்தமிழ் நூலொன்று பற்றியோ எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயினும் சென்ற மாசி மாதத்துச் சனிக்கிழமையொன்றில் பாடசாலை நடைபாதையில் நிகழ்ந்த ஒரு சம்பவம் எமது எண்ணத்தை மாற்றிற்று. பாலர் வகுப்பு மாணவி ஒருத்தியை அழைத்து வந்த தாயார், ஏழு மாதக் கர்ப்பிணி, கதிரையில் அமர்ந்தவாறு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். விரல்கள் விறைக்கின்றன, நெஞ்சு படபடக்கின்றது, ஏதோ நடக்கப்போவது போலிருக்கின்றது என்றார். அம்புலன்ஸ் வண்டி வந்து அவரை அழைத்துச் சென்றது. வைத்தியசாலையில் எல்லாச் சோதனைகளும் செய்து, தாய்க்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் குறையேதும் இல்லை எனக் கூறி மாலையே அனுப்பிவிட்டனர். அடுத்த வாரம் அவர் எம்மிடம், "ஒண்டுமில்லையாம் மாஸ்ரர். அப்ப எனக்கு வந்தது என்ன?" என்று கேட்டார். அக்கேள்விக்கு நின்ற நிலையில் எம்மாற் சரியான விடை கூற இயலவில்லை. அவரது இசைவுடன், அதனை இங்கே ஆறுதலாகக் கூற முயல்கின்றோம்.

சிறுவரும் படிக்கும் மலரில் கர்ப்ப காலத்தைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று சில பெற்றோர் வினவக்கூடும். தம்பியோ தங்கையோ பிறக்கவிருக்கும் வீட்டில் வாழும் பிள்ளைக்கு அங்கு நிகழ்வது தெரியாமல் இருப்பதில்லை. தெரியாதது போல் நடந்துகொள்ளவே அது பழகிக்கொள்கின்றது. அத்துடன் எமது மாணவர் சிலர் இவ்விடயத்தில் வயதுக்கு மீறிய சுமையொன்றைத் தாங்கி வருகின்றனர்; அதனைப் பின்னர் கூறுவோம். ஆகவே உயர் வகுப்பு மாணவரும் இதனைப் படித்தல் நன்று.

அத்தாயாருக்கு வந்தது பதகளிப்பு. கவலை வேறு, பயம் வேறு, பதகளிப்பு வேறு. கவலைக்குப் பொருள் உண்டு: வீட்டு வாடகை, முடிவு வராத விசா விண்ணப்பம், ஊரிலே நோயுற்றிருக்கும் தந்தை. பயத்துக்கு எதிரே ஒன்று நிற்கும்: பாம்போ, கடிநாயோ, துவக்கு ஏந்தியவனோ. பதகளிப்புக்கு எதிரே எதுவும் நிற்பதில்லை. ஆயினும் ஒன்று நிற்பது போலவே உடல் நடந்துகொள்கின்றது. "பதகளிச்சுப் போனன்" என்று எம்மூரார் கூறும் பேச்சுவழக்கிலிருந்தே இச்சொல்லை எமது மனநல மருத்துவர்கள் எடுத்துத் தமது நூல்களிற் கலைச்சொல்லாக ஆண்டு வருகின்றனர். பொருத்தமான சொல் என்பது எமது கருத்து.

ஆபத்தொன்று நேரும்போது சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள சுரப்பிகள் அதிரினலினைக் குருதியிற் கலக்கின்றன. இதயம் விரைகின்றது. மூச்சு வேகமாகின்றது. ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ ஆயத்தமாகத் தசைகள் முறுக்கேறி நிற்கின்றன. ஓட வேண்டியிருந்து ஓடிவிட்டால் அம்முறுக்கு அவிழ்ந்துவிடும்; கதிரையில் அமர்ந்திருப்பவருக்கு அவிழ வழியில்லை. மேலும், தேவையின்றி வேகமாக மூச்சு விடும்போது குருதியிலுள்ள காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகின்றது. விரல் நுனிகளும் உதட்டைச் சுற்றிய பகுதியும் விறைப்பதும், தலை சுற்றுவதும் அதனாலேயே. மூச்சுப் போதவில்லையென எண்ணி அவர் இன்னும் வேகமாக இழுக்கின்றார். விறைப்பு இன்னும் கூடுகின்றது. நடைபாதையில் நாம் கண்டது இதுவே. "ஒன்றுமில்லை" என்று வைத்தியசாலையிற் கூறியது, ஆபத்தான நோய் எதுவும் இல்லை என்னும் பொருளிலாகும். அவர் அனுபவித்தது பொய்யென்று அதற்குப் பொருளன்று.

கர்ப்ப காலத்திலே இது இலகுவில் நேர்வதற்கு உடலியற் காரணமும் உண்டு. அக்காலத்தில் ஒரு பெண்ணின் குருதியின் அளவு ஏறத்தாழ அரைப்பங்கினால் அதிகரிக்கின்றது; இதயமும் அதற்கேற்ப விரைந்து உழைக்கின்றது. புரொஜெஸ்தெரோன் என்னும் ஓமோன் மூச்சை ஆழமாக்குகின்றது. கடைசி மாதங்களில் வளர்ந்த கருப்பை, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகட்டை மேலே தள்ளுகின்றது. ஆகவே எவ்விதக் கவலையும் இல்லாத தாய்க்குக்கூடப் படியேறும்போது படபடப்பும் மூச்சு வாங்குதலும் இருக்கும். பதகளிப்பு உள்ளவரோ இவ்வியல்பான மாற்றங்களையே ஆபத்தின் அறிகுறிகளாக எடுத்துக்கொள்கின்றார். அவ்வெண்ணம் படபடப்பை மேலும் வளர்க்கின்றது.

இது அரிதானதன்று. பத்துக் கர்ப்பிணிகளில் ஒருவருக்கேனும் மருத்துவர் கவனிக்கத்தக்க அளவில் பதகளிப்பு உண்டாகின்றது. ஊரிலே தலைப்பிள்ளைக்குத் தாய் வீடு செல்வார்கள்; அங்கே அம்மா, அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா என்று ஆள் மாறி ஆள் இருப்பார்கள். இங்கோ கணவர் இரவு வேலைக்குச் சென்றபின் கைத்தொலைபேசியின் திரையில் அம்மா இருக்கின்றார். அவரும் பாவம், தொலைவிலிருந்து கூறக்கூடியதைக் கூறுகின்றார்: "கவலைப்படாதை பிள்ளை, வயித்துப் பிள்ளைக்குக் கூடாது." அன்பினாற் கூறப்படும் இவ்வாக்கியம் செய்யும் தீங்கு சிறிதன்று. கேட்கும் மகளுக்கு முன்னர் ஒரு கவலை இருந்தது. இப்போது, கவலைப்படுவதனாற் பிள்ளைக்குத் தீங்கு செய்துவிட்டேனோ என்ற இரண்டாவது கவலையும் சேர்கின்றது. "அமைதியாக இரு" என்ற கட்டளைக்கு எவருடைய இதயமும் கீழ்ப்படிவதில்லை. இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் அக்கட்டளையை இட்டு வருபவர்கள் என்ற முறையில் இதனை உறுதியாகவே கூறுகின்றோம்.

இதயத்துக்கு நாம் நேரடியாகக் கட்டளையிட இயலாது. ஆனால் மூச்சுக்கும் தசைக்கும் இடலாம். அவை தணிந்தால் இதயம் பின்தொடர்கின்றது. தளர்வுப் பயிற்சிகள் அனைத்தினதும் அடிப்படை இதுவே. தளர்வு என்ற சொல் தமிழிலே சோர்வையும் குறிக்கும். இங்கு நாம் கருதுவது சோர்வன்று. இறுக்கிக் கட்டிய கயிற்றின் முறுக்கு அவிழ்வதைப் போன்றது.

இதனை ஒரு முறையாக வகுத்தவர் அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன். திடீரெனப் பேரோசை எழும்போது மனிதர் திடுக்கிடுவதை ஆராய்ந்த அவர், தசைகளை நன்கு தளர்த்தியிருப்பவர் அவ்வளவாகத் திடுக்கிடுவதில்லை எனக் கண்டார். ஒவ்வொரு தசைக் கூட்டத்தையும் முறையாகத் தளர்த்தும் அவரது நூல் 1929இல் வெளிவந்தது. ஷெல் ஓசைக்குத் திடுக்கிட்டுப் பழகி, இன்றும் இந்நாட்டு வாணவேடிக்கை இரவுகளில் திடுக்கிடும் எம்மவர்க்கு இச்செய்தி வெறும் ஏட்டுச் செய்தியன்று.

பிள்ளைப்பேற்றுடன் இதனைப் பிணைத்தவர் ஆங்கிலேய மருத்துவர் கிறான்ட்லி டிக்-றீட். முதலாம் உலகப் போருக்கு முன்னர், இலண்டன் வைட்சப்பல் பகுதியில், மழை ஒழுகும் குடிசையொன்றிற் பிள்ளை பெற்ற ஏழைப் பெண்ணொருவர், மருத்துவர் நீட்டிய மயக்க மருந்தை வேண்டாமென்று மறுத்தார். ஏன் மறுத்தீர் என்று பின்னர் கேட்டபோது, தனக்கு நோகவில்லையே, நோகத்தான் வேண்டுமா என்று அவர் திருப்பிக் கேட்டாராம். அவ்விடையே டிக்-றீட்டைச் சிந்திக்க வைத்தது. பயம் தசையை இறுக்குகின்றது, இறுக்கம் வலியைக் கூட்டுகின்றது, வலி மீண்டும் பயத்தை வளர்க்கின்றது என்ற சுழற்சியை அவர் 1933இல் வெளிவந்த நூலில் விளக்கினார். அவரது கருத்துக்களைப் பின்பற்றி 1956இல் இந்நாட்டில் உருவான சங்கமே இன்றுவரை கர்ப்பிணிகளுக்கு வகுப்புகள் நடத்தும் தேசிய மகப்பேற்று நம்பிக்கை நிதியமாக வளர்ந்தது. ஆனால் பயம் நீங்கினால் வலியே இராது என்ற அளவுக்கு அவர் சென்றது பிழையாகும். பிரசவ வலி உண்மையான வலி. பயிற்சி செய்த ஒருவர் வலி தாளாது மருந்து கேட்பின், அவர் பயிற்சியிற் தவறியவரல்லர். அறுவைச் சிகிச்சை தேவைப்படுமா இல்லையா என்பதையும் பயிற்சி தீர்மானிப்பதில்லை. பதகளிப்பைக் குறைக்க உதவும் என்ற அளவிலேயே இதனை ஏற்றுக்கொள்ளல் வேண்டும்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். முதலில் இருக்கும் நிலை. முதுகு நன்கு சாய்ந்திருக்கக்கூடிய கதிரையில், இரு பாதங்களும் நிலத்திற் பதியுமாறு அமர்தல் எல்லா மாதங்களுக்கும் ஏற்றது. படுத்திருந்து செய்ய விரும்பினால், முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணையை வைத்துப் பக்கவாட்டிற் படுக்கலாம். மல்லாந்து படுத்தல் பிந்திய மாதங்களில் ஆகாது. கருப்பையின் பாரம் முதுகெலும்பின் முன்னே செல்லும் பெரிய குருதிக் கலன்களை அழுத்துவதால் தலை சுற்றும்; பிள்ளைக்குச் செல்லும் குருதியும் குறையும். 28 வாரங்களுக்குப் பின்னர் உறங்கச் செல்லும்போதும் பக்கவாட்டிலேயே படுக்குமாறு இந்நாட்டுச் சுகாதார சேவை அறிவுறுத்துகின்றது. இரவில் விழித்துப் பார்க்கும்போது மல்லாந்து கிடந்தால் அதற்காகப் பதற வேண்டியதில்லை. திரும்பிப் படுத்தாற் போதும்.

அடுத்து மூச்சு. ஒரு கையை நெஞ்சின் மேலும், மற்றதை விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியிலும் வைத்துக்கொள்க. மூக்கினால் நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளே எடுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுக. நெஞ்சின் மேலுள்ள கை அதிகம் அசையாமல், விலாவிலுள்ள கை வெளிப்புறமாக விரிவதே சரியான முறை. ஏழு, எட்டு மாதங்களில் வயிறு நிறைந்திருப்பதால் வயிற்றை உப்பச்செய்ய முயல வேண்டாம். உள்மூச்சைக் காட்டிலும் வெளிமூச்சு நீண்டிருப்பதே இதிற் முக்கியமானது. மூளையிலிருந்து இறங்கி இதயத்துக்கும் வயிற்றுக்கும் செல்லும் வேகசு நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் போன்றது. மூச்சு வெளியேறும் வேளையில் அது இதயத்தை மெதுவாக்குகின்றது. ஐந்து நிமிடம் போதும். காலையும் இரவும் செய்தல் நன்று. ஆறுவரை நீட்ட இயலாதவர் ஐந்துடன் நிறுத்தலாம். இது போட்டியன்று.

எவ்வளவு வேகத்தில் எண்ணுவது என்று கேட்பவர்க்கு ஓர் இலக்கண ஆசிரியனின் விடை: எமது பண்டை இலக்கண நூலார் எழுத்தொலியின் கால அளவாகிய மாத்திரையைக் கண்ணிமைத்தலாலும் கைந்நொடித்தலாலும் அளந்தனர். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். மடியிலே விரலை மெல்லத் தட்டி, "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று முழுச் சொல்லாகச் சொல்லிக்கொண்டால் அளவு தானாகவே சரிவரும். ஆங்கிலத்தில் எண்ணும்போது சொற்கள் குறுகுவதால் அவசரம் வந்துவிடுகின்றது என்பது எம் வீட்டு அனுபவம்.

ஓர் எச்சரிக்கை: யோகாசன வகுப்புகளிற் பழகியவர் சிலர் மூச்சை அடக்கும் கும்பகத்தையும், வேகமாக ஊதித் தள்ளும் கபாலபாதியையும் செய்வர். கர்ப்ப காலத்தில் இவ்விரண்டையும் தவிர்க்குமாறே யோக ஆசிரியர்கள் கூறுகின்றனர். எமக்கு வேண்டுவது மெதுவான மூச்சு, அடக்கிய மூச்சன்று.

மூன்றாவது, ஜேக்கப்சன் முறையிலான தசைத் தளர்வு. ஒரு கையை இறுகப் பொத்தி ஐந்து எண்ணுக. பின்னர் சட்டென விட்டுவிட்டு, இறுக்கம் நீங்கிய கை எவ்வாறிருக்கின்றது என்பதைப் பதினைந்து, இருபது எண்ணும்வரை கவனித்திருங்கள். இறுக்குவது, தளர்வு எத்தகையது என்று உடலுக்குக் காட்டுவதற்காக மட்டுமே. கைகள், தோள்கள், முகம், தொடைகள், பாதங்கள் என்று முறையாகச் செல்லலாம். வயிற்றுத் தசைகளை இறுக்க வேண்டாம். பாதத்துக்கு வரும்போது விரல்களை முன்னே நீட்டினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். விரல்களைத் தம்மை நோக்கி மடக்குவதே நல்லது. தாடையை மறந்துவிடாதீர்கள். துன்பத்தைப் பொறுத்தலை நாம் "பல்லைக் கடித்துக்கொண்டு இருத்தல்" என்று கூறுகின்றோம். எமது பெண்கள் பலர் பல்லைக் கடித்தவாறே உறங்கி, காலையில் தலையிடியுடன் எழும்புகின்றனர். மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே ஓர் அரிசி அளவு இடைவெளி விட்டு, நாக்கைத் தளரவிட்டாற் போதும்.

இறுக்குவதே சிலருக்குத் துன்பமாயிருக்கும். அவர்களுக்கு இந்நாட்டு உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் லோறா மிச்செல் வகுத்த முறை ஏற்றது. அதிற் தசையை இறுக்குவதில்லை. பதற்றத்தில் உடல் எங்கே செல்கின்றதோ அதற்கு எதிர்த் திசையில் அசைப்பர். பதறும்போது தோள் காதை நோக்கி உயர்கின்றது. ஆகவே தோள்களைக் கால்களை நோக்கிக் கீழே இழுத்து, நிறுத்தி, அந்நிலையை உணர வேண்டும். பேருந்தில் நின்றுகொண்டும் இதனைச் செய்யலாம். அருகில் நிற்பவருக்கும் தெரியாது.

இதுவரை கூறியவற்றை எந்த நூலிலும் காணலாம். இனிக் கூறப்போவது எமது வீட்டிற் கற்றது. துணைவியாரின் இசைவுடனேயே எழுதுகின்றோம். இப்பகுதியை அவர் படித்துத் திருத்தியும் உள்ளார்.

நாம் வன்னியில் ஆசிரியராயிருந்தவர்கள். 2009இன் பின்னர் 2011இல் இந்நாட்டை வந்தடைந்தோம். 2013இல் துணைவியார் முதற் பிள்ளையைச் சுமந்திருந்தபோது உறக்கமின்றித் தவித்தார். பேற்றுக்கு முந்திய சிகிச்சை நிலையத்தில் அவருக்குத் தளர்வுப் பயிற்சி இறுவட்டு ஒன்றைக் கொடுத்தனர். இனிய பெண்குரல் ஒன்று, கண்களை மூடிக்கொள்ளுங்கள், நீங்கள் ஒரு கடற்கரையிற் படுத்திருக்கின்றீர்கள், இளஞ்சூடான மணல், அலையோசை என்று கூறிச் சென்றது. இரண்டு நிமிடத்தில் அவர் எழுந்துவிட்டார். உடல் நடுங்கிற்று. ஆங்கிலம் விளங்காததாற் பயன் கிட்டவில்லை என்று நாம் முடிவு செய்தோம். ஆசிரியர்க்கு எல்லாமே மொழிப் பிரச்சினையாகத்தான் தோன்றும். இரண்டு இரவுகள் விழித்திருந்து அதனை நல்ல தமிழில் மொழிபெயர்த்து, அவர் அருகில் அமர்ந்து வாசித்தோம். வெண்மணல், அலையோசை, உப்புக் காற்று. சொற்களைத் தேர்ந்தெடுத்ததிற் சிறிது பெருமையும் இருந்தது. அவர் எமது கையைப் பிடித்து நிறுத்தி, "அந்தக் கடற்கரையிலதானே எல்லாரையும் விட்டிட்டு வந்தனாங்கள்" என்றார்.

2009 வைகாசியில் முள்ளிவாய்க்கால் மணலில் நாமும் அவருடன் இருந்தோம். இருந்தும் அதனை நினைக்காமல் வெண்மணல் என்று எழுதியிருக்கின்றோம். இதை இன்றுவரை எம்மால் எமக்கே விளக்க முடியவில்லை.

அதன்பின் அவரே தமக்குரிய இடத்தைத் தெரிவு செய்தார். அது கடற்கரையுமன்று, பூஞ்சோலையுமன்று. தமது தாய்வீட்டுக் கிணற்றடி. அங்கே அவர் படுத்திருக்கவில்லை. வாளியால் நீரள்ளி வாழைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். வாளி இறங்கும்போது மூச்சு வெளியே, ஏறும்போது உள்ளே. அமைதி என்றால் அசையாதிருத்தல் என்று எவரோ எழுதி வைத்ததை நாமெல்லாரும் நம்பிக்கொண்டிருக்கின்றோம்.

கண்களை மூடுவதும் அவருக்கு ஒத்துவரவில்லை. போரையோ சிறையையோ வன்முறையையோ கடந்து வந்த பலருக்குக் கண்களை மூடி அமைதியாயிருக்கும் வேளையிலேயே பழைய காட்சிகள் எழுகின்றன. மருத்துவ உலகமும் இதனை அறியும். அத்தகையோர் கண்களைத் திறந்தே வைத்திருக்கலாம். பாதங்களை நிலத்தில் ஊன்றி, கண்முன் தெரியும் ஐந்து பொருள்களை வாய்விட்டுப் பெயர் சொல்லுக. பின்னர் தொடக்கூடிய நான்கு, கேட்கும் மூன்று ஓசைகள், மணக்கும் இரண்டு, சுவைக்கும் ஒன்று. யன்னற்சீலை, தேநீர்க் கோப்பை, பிள்ளையின் சப்பாத்து, என்று சொல்லிச் செல்லும்போது, இருக்கும் இடம் இவ்வீடு, ஆண்டு இவ்வாண்டு என்பது உடலுக்கும் தெரியவருகின்றது. நடைபாதையில் நாம் கண்ட தாயாருக்கும் இப்போது இதுவே கைகொடுக்கின்றது.

உருவகக் காட்சி எதுவும் வேண்டாதவர் ஒரு சொல்லைப் பற்றிக்கொள்ளலாம். அமெரிக்க மருத்துவர் ஹேபேட் பென்சன் 1975இல் எழுதிய நூலில், ஒரு சொல்லை வெளிமூச்சுடன் மீண்டும் மீண்டும் கூறுதல் உடலைத் தணிக்கின்றது என்று விளக்கினார். எமது யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் அவர்கள், அச்சொல் நோயாளியின் சொந்த மரபிலிருந்தே வருதல் வேண்டும் என்பதை எடுத்துக்காட்டியவர். சைவர் தமது மந்திரத்தையும், கிறிஸ்தவர் தமது செபத்தையும், இஸ்லாமியர் தமது திக்ரையும் கொள்ளலாம். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்க்கு "அம்மா" என்ற சொல்லே போதும்.

தாயின் குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கருவிலுள்ள பிள்ளை ஏறத்தாழ ஆறாம் மாத முடிவிலிருந்து ஓசையை உணரத் தொடங்குகின்றது. பிறந்து மூன்று நாட்களுக்குட்பட்ட குழந்தைகள் பிற பெண்களின் குரலைக் காட்டிலும் தம் தாயின் குரலையே நாடுகின்றன என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் டிகாஸ்பரும் பைபரும் 1980இல் வெளியிட்டனர். பிறந்து இரண்டு நாளான குழந்தை, தாய் பேசிய மொழியைப் பிற மொழியிலிருந்து பிரித்தறிந்து விரும்புகின்றது என்பது 1993இல் வெளிவந்த ஆய்வொன்றின் முடிவு. தமிழ்ப் பாடசாலைக்கு இதைவிட மகிழ்ச்சியான செய்தி வேறென்ன! ஆயினும் வயிற்றிலுள்ள பிள்ளைக்கே பாடம் புகட்ட முனைவோரைக் கண்டால் எமக்குச் சிறிது அச்சம். அபிமன்யு கருவிலிருந்து சக்கர வியூகத்தைக் கேட்ட கதையைக் கூறி, சுபத்திரை இடையில் உறங்கிவிட்டாளே என்று குறைப்படுவோர் உளர். பிள்ளைத்தாய்ச்சிக்கு உறக்கம் வந்தால் உறங்கத்தான் வேண்டும். போர்க்கலை வகுப்பை நிறுத்தியிருக்க வேண்டியவர் அர்ச்சுனரே. பாட்டோ கதையோ எதுவாயினும் தாய் தமக்கு இதமாயிருப்பதை வாய்விட்டுப் படித்தாற் போதும். நீண்ட வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்கும்போது வெளிமூச்சு தானாகவே நீளுவதைக் கவனியுங்கள்.

இனி, முன்னர் கூறிய அச்சுமை. இந்நாட்டில் மருத்துவமாது முதற் சந்திப்பிலேயே மனநிலை பற்றிச் சில கேள்விகள் கேட்பார். கடந்த நாட்களில் மனம் சோர்ந்திருந்ததா, எதிலும் நாட்டமின்றி இருந்ததா, பதற்றமாக உணர்ந்தீர்களா, கவலையை நிறுத்த இயலாதிருந்ததா என்பன அவை. எல்லாத் தாய்மாரிடமும் கேட்கப்படுபவை. எவரையும் சந்தேகித்துக் கேட்பவையல்ல. எமது வகுப்பில் அப்போது பதினொரு வயதான மாணவன் ஒருவன் தன் தாயாருக்கு மொழிபெயர்ப்பாளனாகச் சென்று வந்தான். அக்கேள்விகளை எவ்வாறு தமிழிற் கூறினாய் என்று பின்னொருநாள் கேட்டோம். "சுகமா எண்டு கேட்டனான் சேர். அம்மா ஓம் எண்டவ" என்றான். சிறிது நேரம் கழித்து, "அம்மா இரவில அழுறவ எண்டு எனக்குத் தெரியும். ஆனா நான் அதைச் சொல்லக்கூடாதுதானே" என்றான்.

பெற்றோரே, பிள்ளையை இவ்வேலைக்கு அழைத்துச் செல்லாதீர்கள். கணவர் செல்வது நன்று. ஆயினும் கணவர் முன்னிலையிற் கூறவியலாத சிலவும் இருக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தேசிய சுகாதார சேவை கட்டணமின்றித் தரும். முன்கூட்டியே கேட்க வேண்டும். அங்கே "கவலையா?" என்று கேட்டால் எம்மவர் "இல்லை" என்றே பதிலிறுப்பர், கவலையை ஒப்புக்கொள்வது குடும்பத்தைக் குறைகூறுவதாகும் என எண்ணி. ஆகவே உடலின் மொழியிலேயே கூறுங்கள்: நெஞ்சு பதறுகின்றது, உறக்கம் வருவதில்லை, சாப்பாடு இறங்குவதில்லை, ஒரே எண்ணம் சுற்றிச் சுற்றி வருகின்றது. மருத்துவமாது அதைக்கொண்டே விளங்கிக்கொள்வார்.

மாணவர் செய்யக்கூடியது வேறு. அம்மா பயிற்சி செய்யும் பதினைந்து நிமிடம் தம்பியை அடுத்த அறையில் வைத்திருக்கலாம்; தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்கலாம். இருவர் ஒருவரை மாறி ஒருவர் சத்தமிட்டு, "அம்மா, முடிஞ்சுதா?" என்று கதவைத் தட்டாதிருத்தலும் பேருதவியாகும்.

பயிற்சி எல்லாவற்றுக்கும் மருந்தன்று. குருதி வெளியேறினால், நெஞ்சு வலித்தால், கடுந்தலையிடியுடன் பார்வை மங்கினால், முகமும் கைகளும் திடீரென வீங்கினால், பிள்ளையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால், மூச்சுப் பயிற்சி செய்து பார்ப்போம் என்று காத்திராது உடனே மகப்பேற்றுப் பிரிவை அழைக்க வேண்டும். நள்ளிரவாயினும் அழைக்கலாம், விடியட்டும் என்று இருக்கலாகாது. பதகளிப்பு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து உறக்கத்தையும் உணவையும் கெடுப்பின், குடும்ப வைத்தியரிடமோ மருத்துவமாதுவிடமோ கூறுக. பேச்சுச் சிகிச்சைக்கு இங்கிலாந்தில் தாமே விண்ணப்பிக்கலாம். மனநல மருந்து உட்கொள்பவர் கருவுற்றதை அறிந்ததும் தாமாகவே அதனை நிறுத்திவிடாது வைத்தியரைக் கேட்டே முடிவெடுத்தல் வேண்டும். வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் எழுந்தால் அன்றே கூறுக; 111 எண்ணை அழைத்து மனநல உதவியைத் தெரிவு செய்யலாம், உயிராபத்தாயின் 999.

மேற்கூறிய பயிற்சிகளை ஒரு தாளிற் சுருக்கித் தருமாறு சில தாய்மார் கேட்டனர். உயர் வகுப்பு மாணவர் அதனை மொழிபெயர்ப்புப் பயிற்சியாகச் செய்து முடித்துள்ளனர். எழுத்துப்பிழைகளை மட்டுமே நாம் திருத்தினோம். "இப்போது நீங்கள் இருக்கும் இடம்" என்பதன் பின் கடற்கரையென்றோ கிணற்றடியென்றோ எதனையும் எழுதாது ஒரு கோடு விட்டிருக்கின்றோம். அதனைத் தாய்மாரே நிரப்பிக்கொள்ளலாம். நடைபாதைத் தாயார் தமது தாளில் "தையல் மெசினுக்கு முன்னால்" என்று எழுதி வைத்திருக்கின்றார். தாள்கள் சனிக்கிழமைகளில் அலுவலக மேசையிற் கிடைக்கும்.